யந்திரத்தின் வயிற்றிலே

மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான்; சுழி பார்க்கிறான்; நாலடி நடத்திப் பார்க்கிறான். பழைய மோட்டார் வாங்கப் போகிறவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வர்ணத்தைத் தடவிப் பார்க்கலாம். மெத்தையை அமுக்கிப் பார்க்கலாம். ஹாரனை ஒரு தரம் அலற விட்டு அண்டை அயலாரைத் திடுக்கிட வைக்கலாம். ஆனால் எதற்காக அவன் பணத்தை எண்ணிக் கொடுக்கிறானோ, அந்த இஞ்சின் மட்டும் தன் வாயைத் திறப்பதில்லை. அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது, அதைப் பிரித்துப் போடுகிற நாள் வரையில் பரம ரகசியம்.

அப்படிப் பிரித்துப் போடுகிற நாளில் அகப்படும் சாமான்களைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். ஐம்பது, அறுபது, எண்பது வருஷத்துப் பழைய கார்களைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, மறுபடியும் ஓட வைப்பதையே விரதமாகக் கொண்ட அன்பர்கள் பல தேசங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் இஞ்சினைத் திறந்து வெளியே எடுத்தவற்றுக்கு ஜாபிதா போட்டால், ஒரு சில்லறைக் கடையே வைத்து விடலாம். மணல், இரும்புக் கம்பி, பஞ்சுப் பிசிறு, நட்டு, வாஷர், கந்தல் துணி, மரத்தூள், கொட்டை ஓடு, எலிக்கூடு என்று அது நீண்டுகொண்டே போகும். இஞ்சினை வரைந்த எஞ்சினீயரின் படத்தில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 'அந்நியப் பொருள்கள்' என்று தொழில் தெரிந்தவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெயர் என்னவோ கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றையும் நிறுத்தி, "நீ யார்? எந்த வழியாய் உள்ளே வந்தாய்?" என்று விசாரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிய வருகிறது. அவற்றில் முக்கால்வாசி, அந்த யந்திரத்துக்கு மிகவும் வேண்டியவர்கள் உள்ளே வைத்துவிட்டுப் போனவை. பெற்றவன் வைத்தது கொஞ்சம். வைத்தியம் பார்த்தவன் வைத்தது கொஞ்சம். விற்றவன் வைத்தது கொஞ்சம். அழையாத விருந்தாளியாக வந்து சேர்ந்தவை எலியும் சிலந்தியுமே.

பெற்றவன் வைத்ததிலிருந்து தொடங்குவோம். அதுதான் மணல்.

பெட்ரோல் இஞ்சின் என்பது ஒரு வகை அடுப்பு. சிலிண்டர் என்னும் குழாய்க்குள்ளே பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து எரிகின்றன, அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது, வண்டி ஓடுகிறது. ஆனால் எரிகிற சூட்டில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்க உதவுகிறது. மீதிச் சூட்டை உடனுக்குடன் அப்புறப்படுத்தாவிட்டால் பிஸ்டன் இறுகிப் போகும். இரும்பே விரிசல் கண்டு விடும். இதற்காகச் சிலிண்டர்களைச் சுற்றிலும் தண்ணீர் ஓடுவதற்கு வளைந்து வளைந்து செல்லும் இடைவெளிகளை விட்டிருக்கிறார்கள். ஒரே கட்டியாக வார்த்த இரும்புக்குள்ளே இந்தச் சந்து பொந்துகள் எப்படி உண்டாயின? கடைந்து எடுக்க முடியாது, உளியும் நுழையாது.

வீட்டில் கொழுக்கட்டை பிடிக்கிறவர்களுக்கு இந்த வித்தை எளிதில் விளங்கும். உள்ளே பூரணத்தை வைத்து வெளியே மாவை மூடுவது போல, வார்ப்பட அச்சுக்குள்ளே மணலால் செய்த ஓர் உருவத்தை வைத்து, அதைச் சுற்றி உருக்கிய இரும்பை ஊற்றுகிறார்கள். அந்த மணல் உருவத்துக்குத் தொழிற்சாலையில் 'கோர்' என்று பெயர். மணலோடு ஆளி விதை எண்ணெய் போன்ற பசை ஒன்றைச் சேர்த்துப் பிசைந்து, உடைந்து போகாமலிருக்க உள்ளே இரும்புக் கம்பிகளைச் செருகி, சூளையில் வைத்துச் சுட்டு எடுப்பது பழைய முறை. கொழுக்கட்டைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே. இங்கே வெந்த பிறகு பூரணத்தை முழுவதும் வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்காகவே இரும்புச் சுவரில் வட்ட வட்டமாகத் துவாரங்களை விட்டு வைக்கிறார்கள். அவற்றின் வழியாக மணலைத் தட்டி உதிர்த்துவிட்டு, தகட்டு மூடிகளை அடித்து அடைத்து விடுகிறார்கள். குளிர் தேசங்களில், உள்ளே தண்ணீர் உறைந்தால் இஞ்சின் பிளக்காமல் இந்த மூடிகள் தெறித்து அதைக் காப்பாற்றும் என்று ஜனங்கள் நம்பி, அதற்கேற்ற பெயரும் சூட்டிவிட்டார்கள். உண்மையில் அவை மணலுக்காக ஏற்பட்ட வாசல்களே.

வாசல் இருந்தால் மட்டும் போதுமா? மூலையில் இருப்பவர் எழுந்து வரவேண்டுமே! 1932-ஆம் வருஷத்தில், தமது 68-வது வயதில், ஹென்றி போர்டு ஒரு சாகசம் செய்தார். எட்டுச் சிலிண்டர் இஞ்சின் அதற்கு முன்பே உண்டு. காடிலாக் கம்பெனியார் 1914-லேயே அத்தகைய வண்டியை வெளியிட்டார்கள். ஆனால் அவர்கள் சிலிண்டர்களைத் தனியாகவும் அடிப்பெட்டியைத் தனியாகவும் வார்த்து, போல்ட்டுப் போட்டு இணைத்தார்கள். சாமானியர் அதன் விலையைக் கிட்ட நின்று கேட்கவும் முடியாது. போர்டு, எட்டுச் சிலிண்டர்களையும் அடிப்பெட்டியையும் சேர்த்து ஒரே வார்ப்பாக வார்த்து, 65 குதிரை சக்தியுள்ள வண்டியைச் சாமானியர் எட்டக்கூடிய விலைக்குக் கொடுத்தார். தொடக்கத்தில் வார்த்தவற்றில் ஏராளமானவை பழுதாகிக் கழிக்கப்பட்டன. ஆயினும் மனிதர் விடவில்லை. அமெரிக்காவில் அந்த ரகத்து இஞ்சின் 1953 வரையில் போர்டு கார்களில் ஓடிற்று.

இந்த இஞ்சினில் ஒரு சிக்கல். எரிந்த புகை வெளியேறும் வழிகளையும் அந்த ஒரே வார்ப்புக்குள்ளேயே, தண்ணீர்ச் சந்துகளின் நடுவே கொண்டு சென்றிருந்தார்கள். ஆகையால் உள்ளே திருப்பங்கள் அதிகம். சுட்ட மணல் அந்த மூலைகளில் கெட்டிப்பட்டுத் தங்கிவிடும். கோர்க் கம்பிகளும் அப்படியே சிக்கிக்கொள்ளும். தொழிற்சாலையிலோ ஒன்றன் பின் ஒன்றாக வார்ப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன; ஒவ்வொன்றின் கடைசி மூலையையும் குடைந்து பார்க்க யாருக்கு நேரம்? மூடியை அடித்து அனுப்பி விட்டார்கள். வாங்கினவர் வண்டி அடிக்கடி கொதிக்கிறது என்று பெட்ரோலைக் குறை கூறினார். வெயிலைக் குறை கூறினார். போர்டையும் குறை கூறினார். தண்ணீர் போக வேண்டிய இடத்தில் மணல் உட்கார்ந்திருக்கிறது என்பது, அவர் காலமாகி, பேரப் பிள்ளைகள் வண்டியை விற்று, வேறொருவர் அதைப் பிரித்துக் கவிழ்த்துத் தட்டும்போது வெளியாகிறது. வளைந்த கம்பியை விட்டுக் கிளறக் கிளற, மணல் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டுகிறது. பிறந்த அன்று குளிப்பாட்டாமல் விட்ட குழந்தையை எண்பதாவது வயதில் குளிப்பாட்டுவது போலத்தான்!

* * *

வெளியிலிருந்து யாரும் வைக்காமல், தன் உடம்பிலிருந்தே உதிர்ந்து தன் தொண்டையை அடைத்துக் கொள்கிற பொருளும் உண்டு. இதற்கு உதாரணம் அதே போர்டின் மூத்த பிள்ளை. 'மாடல் டி' என்று உலகம் முழுவதும் பெயர் பெற்ற வண்டி. 1908 முதல் 1927 வரையில் ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்றார்கள்.

அந்த வண்டியில் இஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய்தான். எண்ணெயை இறைப்பதற்குப் பம்பு இல்லை, வடிகட்டியும் இல்லை. பின்னால் சுழலும் கனமான சக்கரம் எண்ணெயை வாரி இறைக்கும். அதில் கொஞ்சத்தை ஒரு சிறு புனல் ஏந்திக்கொண்டு, மெல்லிய குழாய் வழியாக இஞ்சினின் முன்பக்கத்துக்கு அனுப்பும். ஏற்பாடு எளிமையானது, விலையும் மலிவு. ஆனால் கியரை மாற்றுவதற்கும் வண்டியை நிறுத்துவதற்கும் காலால் மிதித்தால், உள்ளே மூன்று பட்டைகள் இறுகிப் பிடிக்கும். அந்தப் பட்டைகளுக்குப் பருத்தி நெசவால் உள் உறை. தேயத் தேய அதிலிருந்து பஞ்சு பிசிறு பிசிறாக உதிர்ந்து எண்ணெயில் மிதக்கும். மிதந்தது புனலில் போய் அடையும். முன்பக்கத்துப் பேரிங்குகளுக்கு எண்ணெய் போவது குறைந்து, ஒரு நாள் நின்றே போகும். பிறகு அவை காய்ந்து தேய்ந்து 'லொடக் லொடக்' என்று புலம்ப ஆரம்பிக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அதே சுழல் சக்கரத்தில் 16 காந்தங்களைப் பொருத்தி, பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை அங்கேயே உண்டாக்கிக் கொண்டார்கள். காந்தத்தின் குணம் நமக்குத் தெரியும். இரும்புத் தூள் எங்கே மிதந்தாலும் 'வா, வா' என்று அழைத்துக் கொள்ளும். அந்தத் தூளும் பஞ்சும் சேர்ந்து மின்சாரம் வெளியேறும் முனையில் ஒட்டிக்கொண்டால், வண்டி நடு ரோட்டில் நின்றுவிடும். விஷயம் தெரிந்தவர் ஒரு திருகைக் கழற்றி, முனையைத் துணியால் துடைத்துவிட்டு, மறுபடியும் ஏறிப் போவார். தெரியாதவர் மாட்டைத் தேடிக்கொண்டு போவார்.

* * *

இனி, வைத்தியர் கைங்கரியத்துக்கு வருவோம்.

மேற்சொன்ன பட்டைகள் தேய்ந்தால் அவற்றை இறுக்க வேண்டும். அதற்கு வண்டியின் தரைப் பலகையை எடுத்துவிட்டு, கியர்ப் பெட்டியின் மேல் மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் கீழே கிணறு போல் எண்ணெய். அதன் மேலே கையை நீட்டி நட்டைத் திருக வேண்டும். எண்ணெய்க் கையில் நட்டு எவ்வளவு நேரம் நிற்கும்? 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தின் கனம், அதை அனுபவித்தவர்களுக்கே தெரியும். சுழலும் காந்தங்களுக்கும் எதிரே நிற்கிற கம்பிச் சுருள்களுக்கும் இடையே உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். விழுந்த நட்டு அதில் சிக்கினால் சுருள் அத்தனையும் நாசம். அனுபவசாலிகள் இந்தக் காரியத்தைத் தொடங்குமுன் கிணற்று வாயில் துணியை அடைத்துக் கொள்வார்கள். வேலை முடிந்து துணியை எடுக்க மறந்து மூடினவர்களும் உண்டு! ஜாபிதாவில் கந்தல் துணி இடம் பெற்றதன் காரணம் இதுவே.

சிலிண்டருக்குள்ளேயே விழுந்துவிட்டால் கதை இன்னும் மோசம். காற்றும் பெட்ரோலும் கலக்கும் கார்புரேட்டரில், காற்று வழியைத் திறந்து மூடுவதற்கு வட்டத் தகடு ஒன்று இருக்கிறது. அதைச் சிறு திருகுகள் பிடித்துக் கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று கழன்றால் அது நேரே இஞ்சினுக்குள் உறிஞ்சப்படும். இதற்குப் பயந்துதான் தொழிற்சாலைகளில் அந்தத் திருகுகளின் முனையை நசுக்கி விடுகிறார்கள். கழற்றிப் பழுது பார்க்கிற புண்ணியவான் புதுத் திருகைப் போட்டு, முனையை நசுக்க மறந்தால் தீர்ந்தது. நிமிஷத்துக்கு 2,000 தடவை சுழலும் இஞ்சினில், பிஸ்டன் நிமிஷத்துக்கு 2,000 தடவை உச்சிக்கு வந்து போகிறது. உச்சியில் அதற்கும் மேல் மூடிக்கும் நடுவே உள்ள இடம் மிகவும் சொற்பம். அங்கே அகப்பட்ட திருகு, உரலில் போட்ட கல்லாக இடிபடுகிறது. பிரித்துப் பார்த்தால், பிஸ்டனின் தலையில் அந்தத் திருகின் உருவம் மரை மரையாய்ப் பல இடங்களில் பதிந்திருக்கும். போலீஸாருக்கு ரேகை அகப்பட்ட மாதிரி, மெக்கானிக்குக்கு அந்த ஓர் அடையாளம் போதும்.

விற்றவன் வைத்ததோ வேறு ஜாதி. கியர்ப் பல் தேய்ந்து கத்துகிற பழைய வண்டியை விற்க வேண்டும். சத்தம் கேட்டால் எவனும் வாங்க மாட்டான். எண்ணெயோடு மரத்தூளைக் கலந்து கியர்ப் பெட்டிக்குள் கொட்டினால், பல்லுக்குப் பல் நடுவே அது மெத்தையாய் அடைந்து, சத்தம் சிறிது காலத்துக்கு அடங்கிவிடும். வாங்கினவன் வீடு போய்ச் சேரும் வரையில் அடங்கினால் போதாதா! ரோவால்ட் டால் என்ற ஆங்கில ஆசிரியர் 1988-இல் எழுதிய 'மட்டில்டா' என்னும் குழந்தைகள் கதையில், அந்தச் சிறுமியின் தகப்பனார் இந்தத் தந்திரத்தைத் தம் பிள்ளைக்குப் பெருமையாகச் சொல்லிக் கொடுக்கிறார். கார் வியாபாரத்தில் இது பழைய வித்தைதான்.

மரத்தூளைப் பற்றிச் சொன்னவன், நம்முடைய மஞ்சள் பொடியைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. நம் நாட்டு லாரி டிரைவர்கள், ஊரில்லாத இடத்தில் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தால், கை நிறைய மஞ்சள் பொடியைத் தண்ணீரில் போட்டு விடுவார்கள். பொடி ஊறி, ஓட்டையில் போய் அடைந்து, ஒழுகலை நிறுத்தும். மேல் நாட்டில் மிளகுப் பொடியும் கோழி முட்டையும் இதே காரியத்தைச் செய்திருக்கின்றன. பெட்ரோல் டாங்கியில் விரிசல் கண்டால் குளிக்கிற சோப்பைத் தேய்த்து அடைப்பதும் உண்டு. இவற்றை மோசடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த டிரைவர் அன்றிரவு சரக்கோடு ஊர் போய்ச் சேர வேண்டியவர். ஆனால் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, "ஐயா, உள்ளே மஞ்சள் பொடி போட்டிருக்கிறேன், கழுவி ஓட்டையை அடைத்துக் கொடுங்கள்" என்று பட்டறையில் சொன்னாரா, இல்லையா? சொன்னால் அது வைத்தியம். சொல்லாமல் வண்டியை விற்றுவிட்டால், மஞ்சள் பொடிக்கும் மரத்தூளுக்கும் அதிக தூரம் இல்லை. ஓட்டையை அடைத்த பொடி அங்கேயே நிற்பதில்லை; ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

அழையாத விருந்தாளிகளுக்கும் இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம். நிறுத்தி வைத்த காரின் காற்று வடிகட்டிப் பெட்டியைப் போல் எலிக்கு அமைந்த பங்களா வேறில்லை. இருட்டு, கதகதப்பு, ஒரே ஒரு வாசல். மெத்தையைக் கிழித்துப் பஞ்சைக் கொண்டு வந்து, தானியத்தையும் கொட்டையையும் சேமித்து, குடும்பம் நடத்துகிறது. சிலந்தியோ எலியையும் மிஞ்சிவிட்டது. 2011-ஆம் வருஷத்தில் மாஸ்தா என்ற ஜப்பானியக் கம்பெனி சுமார் 65,000 கார்களைத் திரும்ப வரவழைத்துச் சரி செய்ய நேர்ந்தது. பெட்ரோல் டாங்கிக்குக் காற்றுப் போக்குவரத்துக்காக இருந்த குழாயில், மஞ்சள் நிறச் சிலந்தி ஒன்று கூடு கட்டிக் காற்றை அடைத்தது. டாங்கி உள்ளுக்குள் இழுபட்டு விரிசல் காணக்கூடும் என்று கம்பெனியார் அஞ்சினார்கள். அந்தச் சிலந்திக்குப் பெட்ரோல் வாசனை பிரியமாம்! 2014-இலும் அதே காரணத்துக்காக இன்னும் 42,000 கார்களை அழைக்க வேண்டியதாயிற்று. இருந்தாலும் நான் எலியையும் சிலந்தியையும் கோபிக்கத் தயாராக இல்லை. தாம் செய்வது இன்னதென்று அறியாத ஜீவன்கள். மற்றவர்களோ அறிந்தவர்கள்.

* * *

அறிந்தும் ஏன் உள்ளே விட்டு மூடுகிறார்கள்? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அவசரம் ஒரு காரணம். சோம்பல் ஒரு காரணம். இவற்றை விடப் பெரிய காரணம் பயம் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் ஊரில் ஒரு மேஸ்திரி இருக்கிறார். நாற்பது வருஷமாக இஞ்சின் பிரித்து மூட்டுகிறவர். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் ஒரு பழைய தாம்பாளமும் அதன் மேல் வரிசையாகக் கொட்டாங்கச்சிகளும் இருக்கும். முதலில் கழற்றியது முதல் கொட்டாங்கச்சியில், அடுத்தது அடுத்ததில். மூட்டும்போது கடைசியிலிருந்து எடுத்துக்கொண்டே வருவார். தாம்பாளம் காலியாக வேண்டும். இஞ்சினில் ஒரு துளையும் காலியாக இருக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒத்துக் கொண்டால்தான் மூடிக்குக் கை போகும். புதிதாய் வேலைக்குச் சேருகிற பையனிடம் அவர் முதல் நாள் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, எது கீழே விழுந்தாலும் உடனே சொல்லிடு. நான் திட்ட மாட்டேன். சொல்லாம மூடினே, அன்னைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிடுவேன்."

ஒரு நாள் நானே அவரைக் கேட்டேன். "மேஸ்திரி, திட்டாமல் விட்டால் பையன்கள் அஜாக்கிரதையாகி விட மாட்டார்களா?"

அவர் சிரித்தார். "வாத்தியாரய்யா, நான் பழகின பட்டறையிலே நட்டு விழுந்தா ஸ்பானராலேயே அடி விழும். அதனாலே யாரும் சொன்னதே இல்லே. எத்தனை வண்டி வயித்திலே எத்தனை நட்டு கிடந்துதோ, அது கடவுளுக்குத்தான் வெளிச்சம்" என்றார்.

காரில் கிடக்கிற நட்டு இஞ்சினைக் கெடுக்கும், பணத்தைக் கரைக்கும். ஆகாய விமானத்தில் அதே அஜாக்கிரதை உயிரையே வாங்கிவிடும். 2000-ஆம் வருஷம் ஜூலை 25-ஆம் தேதி, பாரிஸ் விமான நிலையத்தில் 'கான்கார்டு' விமானம் கிளம்புவதற்கு ஓடிற்று. அதற்குச் சில நிமிஷங்களுக்கு முன் அதே பாதையில் கிளம்பிய வேறொரு விமானத்திலிருந்து ஓர் உலோகப் பட்டை கழன்று விழுந்து கிடந்தது. நீளம் சுமார் 43 செண்டிமீட்டர். நம் கையால் ஒரு முழம்கூட இராது. கான்கார்டின் சக்கரம் அதன் மேல் ஏறியது, டயர் வெடித்தது, தெறித்த துண்டு இறக்கையின் அடிப்புறத்தைத் தாக்க, எண்ணெய் டாங்கி உடைந்து தீப்பற்றியது. விமானத்தில் இருந்த 109 பேரும், கீழே 4 பேரும் மாண்டார்கள். விசாரணையில், அந்தப் பட்டை விதிப்படி செய்யப்படவும் இல்லை, விதிப்படி பொருத்தப்படவும் இல்லை என்று கண்டார்கள். யாரோ ஒருவர், எங்கேயோ ஒரு பட்டறையில், 'இது போதும்' என்று நினைத்து வேலையை முடித்திருக்கிறார்.

இப்படிப்பட்ட ஆபத்தை அறிந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். விமானம் தாங்கிக் கப்பலின் மேல் தளத்தில் மாலுமிகள் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நின்று, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரையில் நடப்பது வழக்கம். கண்ணில் படுகிற ஆணி, கம்பி, கூழாங்கல் அத்தனையையும் பொறுக்குவார்கள். விமான இஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அவற்றையும் சேர்த்து விழுங்கிவிடும் அல்லவா? அமெரிக்காவின் 'கார்ல் வின்சன்' என்ற கப்பலில் ஒரு சாதாரண மாலுமி, தன் கருவி ஒன்று தளத்தில் எங்கேயோ தவறிவிட்டது என்று கண்டான். ஒன்றும் தெரியாதவன் போல் இருந்திருக்கலாம். அவன் போய்ச் சொல்லி விட்டான். உடனே ஆகாயத்தில் இருந்த விமானங்கள் எல்லாம் கரையிலுள்ள விமானத் தளங்களுக்குத் திருப்பி விடப்பட்டன. கருவி அகப்படும் வரையில் கப்பலின் வேலை நின்றது. எவ்வளவு நஷ்டம்! மறு நாள் எல்லோரையும் தளத்தில் கூட்டி, அந்த மாலுமியை நடுவில் நிறுத்தினார்கள். தண்டிக்க அல்ல, பாராட்ட. சிக்கலான காரியங்களைத் தவறின்றி நடத்துவது எப்படி என்று ஆராய்ந்த அறிஞர்கள் இந்தச் சம்பவத்தைத் தங்கள் நூலில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கப்பலின் தலைவருக்கு எங்கள் ஊர் மேஸ்திரியைத் தெரியாது. மேஸ்திரிக்கும் அவரைத் தெரியாது. இருவரும் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள். எண்ணெய்க் கை வழுக்கத்தான் வழுக்கும். அதைச் சட்டம் போட்டு நிறுத்த முடியாது. வழுக்கியதைச் சொல்லும் வாயை மட்டும் நாம் அடைத்துவிடாமல் பார்த்துக் கொள்ளலாம்.

வாத்தியார் வேலை பார்க்கிறவன் இதை எழுதிக்கொண்டே போகும்போது, பள்ளிக்கூடத்து ஞாபகம் வராமல் இருக்குமா? எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா வராமல் விழிக்கிற பையனை மெல்ல மெல்லப் பிரித்துப் பார்த்தால், மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கில், பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்குகிற இடத்தில், ஒரு நட்டு விழுந்து கிடப்பதைக் காணலாம். அன்று, "சார், எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொன்ன பையன் என்ன பட்டான் என்பதை அவன் பார்த்திருந்தான். ஆகையால் தலையை ஆட்டினான். நாங்களும் மூடியைப் போட்டு, அடுத்த வகுப்புக்கு அனுப்பி விட்டோம். ஐந்து வருஷம் கழித்து வண்டி கொதிக்கிறதென்று, பையனைக் குறை கூறுகிறோம். பாட புஸ்தகத்தைக் குறை கூறுகிறோம். காலத்தைக் குறை கூறுகிறோம். ஐம்பது வருஷத்து இஞ்சினையே பொறுமையாகக் கவிழ்த்துத் தட்டி மணலை எடுக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் அந்தப் பொறுமையில் கால் பங்கு காட்டக் கூடாதா?

ஆகவே, வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாயங்காலம் தருகிறேன் என்று சொன்ன மெக்கானிக், மறு நாள் காலையில் வந்து, "சார், மூடினப்புறம் ஒரு வாஷர் கணக்கு உதைச்சுது, மறுபடியும் பிரிச்சுத் தேடி எடுத்தேன். அதான் தாமதம்" என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்கக்கூடும். அவரிடம் கோபித்துக் கொள்ளாதீர்கள். கூலியில் பத்து ரூபாயைக் குறைக்கவும் பார்க்காதீர்கள். முடிந்தால் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, அவர் முகவரியைப் பத்திரமாகக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். அடுத்த தடவையும் அவரிடமே போகலாம்.